படலைக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜூன் மாதம் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்கு நின்றவர்கள் அந்த வரிசைகளை மறந்திருக்க மாட்டார்கள். விடியப்புறம் ஸ்கூட்டியைக் கொண்டுபோய் விட்டால் மத்தியானம் தாண்டியும் முறை வராது. சில நாள் வரிசை அசையாமலே கலைந்துபோகும். என் மச்சாளும் அப்படித்தான் நின்றார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கைப்பைக்குள் கிடந்த ஒரு பழைய கடிதத்தின் பின்பக்கத்தில், முன்னால் நின்ற ஓட்டோவைப் பேனாவால் கீறினார். சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்துப் படித்தவர் அவர். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்குக் கிட்ட ஒரு கோடும் கீறவில்லை.

அந்த மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விநியோகமே நிறுத்தப்பட்டது. பிறகு குறியீட்டைக் காட்டிக் கிழமைக்கு இவ்வளவு என்று எரிபொருள் எடுக்கும் கியூஆர் முறை வந்தது. ஆகஸ்டில் வரிசைகள் குறைந்தன. அதோடு படமும் நின்றது. மொத்தம் 11 படங்கள். ஓட்டோ, வெற்றுக் கலன்கள், குடைக்குக் கீழே நித்திரையான ஒரு ஐயா, வீதியோரத்து வேப்பமரம். அவற்றை எனக்குக் காட்டியபோது அவர் சொன்னது: "வரிசை முடிஞ்சுது மச்சாள், என்ரை கீறலும் முடிஞ்சுது. இனி எங்கை நேரம்?"

வேலைக்குப் போகிற எல்லாத் தாய்மாரும் சொல்வதுதானே என்று அதைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். "முந்தி நல்லாக் கீறுவன், இப்ப நேரமில்லை" என்று பெற்றோர் கூட்டத்தில் வருடத்துக்குப் பத்துப் பேராவது சொல்வார்கள். ஆனால் மச்சாளின் பேச்சுக்குள் ஒரு புதிர் இருந்தது. சமையலுக்கு எரிவாயு இல்லை, போக்குவரத்து இல்லை, ஒருவருக்கும் ஒன்றுக்கும் நேரம் இல்லை என்று ஊரே தவித்த அந்த மாதத்தில்தான் அவர் கீறியிருக்கிறார். நிலைமை சீரானதும் முடியவில்லை. ஏன்? அதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அவருடைய சம்மதத்தோடு, பெயரும் வேலைத்தலமும் சொல்லாமல், நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

வீடும் நாளும்

மச்சாளுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கணவர் கிளிநொச்சியில் ஆசிரியர். ஏ9 வீதியால் போக ஏறத்தாழ 65 கிலோமீற்றர் என்பதால் ஆறு மணிக்கு முன்பே பஸ் ஏறிவிடுவார், திரும்பி வர மூன்றரை நாலு மணி ஆகும். மகள் பெரியவள், மகன் சின்னவன். மாமியும் கூட இருக்கிறார், முழங்கால் வருத்தம். வீடு இணுவில் பக்கம்.

நாலரைக்கு எழும்பினால் புட்டோ இடியப்பமோ அவித்து, மூன்று பேருக்கு மத்தியானச் சோறு கட்டி, பிள்ளைகளை ஏழரைக்குள் பாடசாலையில் விட்டு, எட்டரைக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். 4.15க்கு வேலை முடிந்தால் ரியூசன் ஏற்றி இறக்கல். பிறகு இரவுச் சாப்பாடு, வீட்டுப்பாடம், பாத்திரம், அடுத்த நாள் சீருடை. பத்து மணி. இதில் புதுமை ஒன்றும் இல்லை என்று வாசிப்பவர்கள் நினைப்பார்கள். சரிதான், எங்கள் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான். 2017ல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இலங்கையின் முதலாவது நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்களைவிட மிக அதிகம் என்பது அதில் பதிவானது. மச்சாளின் கணவர் நல்ல மனிதர், கேட்டால் எதையும் செய்வார். கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் பிரச்சினை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரிவராத மூன்று வழிகள்

2023ல் நான் அவருக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கினேன். அது பிழையான ஆலோசனை. "இரவு பத்து மணிக்கு, எல்லாம் முடிஞ்ச பிறகு, அரை மணித்தியாலம் மேசையிலை இரும்" என்றேன். கூடவே 24 நிறமுள்ள நல்ல நீர்வர்ணப் பெட்டி ஒன்றும் தடித்த தாளும் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த நேரம் நான் பழக்கம் பற்றிய ஒரு ஆய்வை நம்பியிருந்தேன். இலண்டன் யூனிவர்சிற்றி கொலிஜில் பிலிப்பா லாலியும் அவரோடு வேலை செய்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்தது. ஒரு காரியம் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக வர சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்காள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. 66 என்ற எண்ணை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். அந்த ஆய்வில் ஒவ்வொருவரும் தங்கள் புதுப் பழக்கத்தை நாளில் ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது போல, கட்டிவைத்தார்கள் என்பதைக் கவனிக்காமல் விட்டேன். மச்சாளின் வீட்டில் இரவு பத்து மணி என்று ஒன்று நிலையாக இல்லை. ஒரு நாள் ஒன்பதரை, ஒரு நாள் பதினொன்று. மகளுக்குக் காய்ச்சல் என்றால் அன்று இரவே இல்லை. மூன்று கிழமையில் ஐந்து நாள் இருந்தார். ஐந்து நாளும் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே கண் சொருகியது. அந்த வர்ணப் பெட்டியில் ஒரு கட்டிகூட நனையவில்லை. "உவ்வளவு விலை குடுத்து வாங்கினதைப் பழுதாக்கிப் போடுவனோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார். நல்ல சாமானைப் பரிசாகக் கொடுத்து ஒருவரைக் கீறாமல் பண்ணலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து, காலை நாலு மணி. இரண்டு நாளோடு முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மூன்றாவது, ஞாயிறு பின்னேரம். இது நடக்கும் என்று இருவருமே நம்பினோம். அடுத்தடுத்து வந்த ஆறு ஞாயிறுகளில் இரண்டு கலியாணவீடு, ஒரு சாமத்தியவீடு, ஒரு அந்தியேட்டி. மிஞ்சிய இரண்டில் ஒன்று உடுப்புத் தோய்த்துக் காய வைப்பதில் போனது. கடைசி ஞாயிறு அவர் உண்மையாகவே கதிரையைப் போட்டுப் பின் விறாந்தையில் இருந்தார். பத்து நிமிடத்துக்குள் மகன் வந்தான், மாமி கூப்பிட்டார், தேங்காய் வியாபாரி வந்தான். "வீட்டிலை இருந்தா நான் சும்மா இருக்கிறன் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது கூடுதலாக வலித்தது.

அதன் பிறகு அவர் படத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ரியூசன் வாசல்

2024 பெப்ரவரியில் மகன் நாலாம் ஆண்டுக்கு வந்தான். நாலாம் ஆண்டு என்றாலே, ஐந்தாம் ஆண்டில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு தொடங்கிவிடும். செவ்வாய், வியாழன் பின்னேரம் 4.30 தொடக்கம் 5.45 வரை, நல்லூருக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் ஒரு ஒழுங்கையில் வகுப்பு. வீட்டிலிருந்து மகனைத் தெரிந்த ஓட்டோவில் மாமி அனுப்பிவிடுவார். மச்சாள் வேலை முடிந்து நேரே அங்கே போய், வகுப்பு விட்டதும் கூட்டிக்கொண்டு வருவார். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் நேரமும் பெற்றோலும் வீண்.

பின்னேரங்களில் எங்கள் ஊர் ரியூசன் வாசல்களைப் பார்த்திருப்பீர்கள். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஸ்கூட்டிகளும் மோட்டார் சைக்கிள்களும். அதில் சாய்ந்தபடி தாய்மார், தகப்பன்மார். பாதிப் பேர் தொலைபேசிக்குள், மீதிப் பேர் புள்ளிக் கணக்குக்குள். அந்த இடத்தில் மூன்றாம் கிழமையோ என்னவோ, மச்சாள் கைப்பையில் இருந்த ரசீதின் பின்பக்கத்தில் வகுப்பு வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைக் கீறினார். அன்று இரவு எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "வரிசை மாதிரித்தான் இருந்துது."

அந்த வரியை வாசித்ததும் எனக்கு விளங்கியது. பெற்றோல் வரிசையும் ரியூசன் வாசலும் ஒரே மாதிரியான நேரம். அந்த நேரம் வீட்டுக் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. பிள்ளைக்காக, குடும்பத்துக்காக நிற்கிறார். அவர் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்க ஒருவரும் இல்லை. அங்கே நின்றபடி அரிசி கழுவ முடியாது, உடுப்பு மடிக்க முடியாது. ஆகவே அவருக்குள் இருக்கும் அந்தக் குரல், "இதுக்குள்ளை ஒரு வேலை முடிச்சிருக்கலாமே" என்கிற குரல், அங்கே வாயடைத்துப் போகிறது. தொடங்குவதையும் முடிப்பதையும் அவர் தீர்மானிக்கத் தேவையில்லை. வரிசை நகர்ந்தால் எழும்ப வேண்டும், வகுப்பு விட்டால் எழும்ப வேண்டும். இரவு பத்து மணிக்கு நான் போட்டுக் கொடுத்த அரை மணித்தியாலத்தில் இதில் ஒன்றுமே இருக்கவில்லை. அது அவர் தன் நித்திரையில் இருந்து களவாக எடுத்த நேரம்.

மொத்தக் காத்திருப்பு ஒன்றேகால் மணித்தியாலம். வந்து நிற்க, இரண்டு பேரோடு கதைக்க, வீட்டுக்கு ஒரு கோல் எடுக்க என்று போக, முக்கால் மணித்தியாலம் கையில் மிஞ்சும். கிழமைக்கு இரண்டு தரம்.

இந்த முறை நான் ஆலோசனை சொல்லவில்லை, சாமானை மட்டும் மாற்றினேன். சிறிய துணிப்பை ஒன்று. அதற்குள் ஏ5 அளவுக் கொப்பி, ஒரு கறுப்புப் பேனா, ஒரு 4பி பென்சில். அழிறப்பர் கிடையாது. அழிறப்பர் இருந்தால் முக்கால் மணித்தியாலத்தில் கால் மணித்தியாலம் அழிப்பதிலேயே போகும், இதை என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். பையின் இடம் ஸ்கூட்டி இருக்கைக்குக் கீழே, மழைக்கோட்டோடு. வீட்டுக்குள் போகவே கூடாது. போனால் மகன் பேனாவை எடுத்துவிடுவான், கொப்பி பாடப்புத்தகங்களோடு கலந்துவிடும்.

இன்னொன்று, முதல் ஐந்து நிமிடம் செருப்புகள். இது அவர் தானாகவே கண்டுபிடித்தது. அலுவலகத்திலிருந்து வந்த கையோடு பெரிய படத்தைத் தொட்டால் கோடு எங்கேயோ போகிறது, தலைக்குள் இன்னும் கோப்புகள் ஓடுகின்றன என்றார். சோபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறினாலும் கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது. மச்சாளுக்கு அந்தத் தங்கலைத் துடைத்தது செருப்புக் குவியல்தான். எது எப்படி வந்தாலும் பரவாயில்லாத ஒரு பொருள், ஒவ்வொரு நாளும் வேறு மாதிரிக் கிடக்கும் ஒரு பொருள். இப்போது அந்தக் கொப்பியின் மேல் ஓரங்கள் முழுக்கச் செருப்புகள்.

அதே நேரம், அதே நிழல்

வகுப்புக்கு எதிரே, ஒழுங்கையின் கிழக்குப் பக்கத்தில், மேற்குப் பார்த்த ஒரு பழைய ஓட்டு வீடு. சொந்தக்காரர் கனடாவில். அந்த வீட்டின் வாசலில் ஒரு சங்கடப்படலை இன்னும் நிற்கிறது. சங்கடப்படலை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். படலைக்கு, அதாவது வாசற்கதவுக்கு, மேல் சின்னக் கூரை, இரண்டு பக்கமும் வழிப்போக்கர் இருந்து ஆறுவதற்குத் திண்ணை. வெயிலுக்கும் மழைக்கும் தெருவில் போகிறவன் ஒதுங்க வீட்டுக்காரர் கட்டிவைத்த இடம். யாழ்ப்பாணத்தில் இப்போது இப்படி மிஞ்சியிருப்பவை சொற்பம். மதில் எழும்புகிறது, இரும்புக் கேற் வருகிறது.

என் மாணவரிடம் யாழ்ப்பாணத்தைக் கீறச் சொன்னால் நூறில் எண்பது பேர் நல்லூர்க் கோபுரம் அல்லது பொது நூலகம். பிழையில்லை. ஆனால் மச்சாள் அந்தப் படலையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அழகு அல்ல. ஸ்கூட்டியில் இருந்தபடி நேரே தெரிந்தது அதுதான். இதை நான் இப்போது என் மாணவருக்கும் சொல்கிறேன்: கீறுவதற்குரிய இடத்தைத் தேடி அலையாதே, இருக்கிற இடத்திலிருந்து தெரிவதைக் கீறு. 2007ல் சியாற்றில் நகரத்துப் பத்திரிகை ஓவியர் கப்ரியேல் கம்பனாரியோ தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அவர்களுடைய அடிப்படையும் நின்ற இடத்தில் கண்ணால் கண்டதைக் கீறுவதுதான்.

இங்கே நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை கிடைத்தது. வெளியில் இருந்து கீறுகிறவர்களின் பெரிய தொல்லை நிழல். அரை மணித்தியாலத்தில் நிழல் நகர்ந்துவிடும், தொடங்கியபோது இருந்த படம் முடிக்கும்போது இருக்காது. அதனால்தான் ஒரே இருப்பில் முடிக்க வேண்டும் என்ற அவதி. ஆனால் மச்சாள் செவ்வாயும் வியாழனும் அதே 4.45க்கு அதே இடத்தில் இருக்கிறார். கூரையின் நிழல் படலைக் கதவில் அதே இடத்தில் விழுகிறது. இன்று விட்ட கோட்டை நாளை மறுநாள் அதே வெளிச்சத்தில் தொடரலாம். இரண்டு கிழமைக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. வகுப்பு நேரம் அவருக்கு ஒரு ஓவியக்கூடத்தின் யன்னலைக் கொடுத்ததுபோல ஆனது. நாளுக்கு முழுதாக மூன்று மணித்தியாலம் இருந்தவர்களுக்குக்கூடக் கிடைக்காத வசதி இது. துண்டு துண்டான நேரம் என்று நாங்கள் குறைசொல்வது, ஒரே மணியில் திரும்பத் திரும்ப வந்தால் துண்டாக இருப்பதில்லை.

அவருக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒரே உத்தி, வகுப்பு விடுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு நிறுத்தி, அடுத்த கோடு எது என்று ஓரத்தில் எழுதிவைப்பது. "இடத் திண்ணை விளிம்பு", "மூன்றாம் வரிசை ஓடு" என்று அந்தக் குறிப்புகள் இருக்கின்றன. அடுத்த நாள் வந்து எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

முதற்படலை முடிய 9 இருப்புகள் எடுத்தன. படம் நன்றாக வரவில்லை. கூரையின் சாய்வு பிழை, திண்ணை காற்றில் தொங்குகிறது. இரண்டாவதில் திண்ணை தரையில் இருந்தது. அந்த மாற்றத்தைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை.

அந்தப் படலைக்கு எதிர்வீட்டு ஐயா ஒருவர் மூன்று கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் வந்து கேட்டாராம்: "பிள்ளை, காணி பாக்கவோ வந்தனீங்கள்? கந்தோர் ஆள் மாதிரிக் கிடக்கு." படம் கீறுகிறேன் என்று கொப்பியைக் காட்டியதும் கன நேரம் பார்த்தார். பிறகு அந்த வீட்டுப் படலை முந்திக் கிடுகால் வேய்ந்திருந்தது, ஓடு பிறகு போட்டது என்று சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் படலைக்கு முன்னால் எவர் வாகனத்தை நிறுத்தினாலும் அவர் எழும்பி வந்து தள்ளி விடச் சொல்லுவார்.

கார்த்திகையில் இது குலைந்தது. எங்கள் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை. வெளிச்சமும் ஆறு மணிக்கு முன்பே போய்விடும், நுளம்பும் கூட. அந்த மாதங்களில் ஒழுங்கை முகப்பில் உள்ள கடை விறாந்தையில் நின்றபடி குடைகள், சைக்கிள் வரிசை, வாழைக்குலை என்று கீறினார். சில நாள் ஒன்றும் இல்லை. விட்ட நாட்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். லாலியின் ஆய்வில் நான் முதலில் கவனிக்காமல் விட்ட இன்னொரு முடிவு அது: ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவுக்குப் பாதிக்கப்படவில்லை.

மூன்று கிழமை நின்றுபோனது

2025 மேயில், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்க, வாசலில் நின்ற இன்னொரு தாய் சொன்னார்: "பிள்ளைக்குச் சோதினை வருது, நீங்கள் படம் கீறிக்கொண்டு நிக்கிறியள். குடுத்து வச்ச மனம்." பகிடியாகச் சொன்னதாகவே இருக்கலாம். மச்சாள் அன்றே கொப்பியை மூடிவிட்டார். எனக்கும் சொல்லவில்லை.

மூன்று கிழமை கழித்துத்தான் தெரிய வந்தது. நான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: அந்த ஆறு பின்னேரமும் அந்த நேரத்தில் என்ன செய்தீர்? அவர் யோசித்துப் பார்த்தார். வகுப்புப் பெற்றோரின் வைபர் குழு. யாரோ போட்ட மாதிரி வினாத்தாள், யாரோ போட்ட புள்ளி, யாரோ போட்ட வெட்டுப்புள்ளி ஊகம். வாசித்து வாசித்து நெஞ்சு படபடத்து, 5.45க்கு மகன் வெளியே வந்ததும் முதற் கேள்வி, "இண்டைக்கு எத்தினை?" கீறிய நாட்களில் அவர் கேட்ட முதற் கேள்வி என்னவென்று கேட்டேன். "பசிக்குதோ எண்டுதான் கேப்பன்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அந்த மூன்று கிழமையில் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு நிமிடமும் இல்லை. தாய் தன் விருப்பத்தை விட்டால் அது தானாகப் பிள்ளைக்கு வரவாகும் என்று நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். வேறு வீடுகளில் எப்படியோ தெரியாது, இந்த வீட்டில் அந்த வரவு வைபருக்குப் போனது. அவர் அடுத்த செவ்வாய் கொப்பியைத் திறந்தார்.

கேட்பது

இதுவரை வாசித்துவிட்டு, "ஓ, பெண்கள் காத்திருக்கிற நேரத்தைப் பயன்படுத்தினால் போதும்" என்று யாராவது முடிவெடுத்தால் அது எனக்குச் சம்மதமில்லை. காத்திருப்பு நேரம் ஒரு கதவைத் திறந்தது, அவ்வளவுதான். கொப்பி நிறைய நிறைய மச்சாளுக்கு வர்ணம் தீட்ட ஆசை வந்தது. ஸ்கூட்டியில் இருந்து வர்ணம் தீட்ட முடியாது. தண்ணீர் வேண்டும், தாள் காய வேண்டும், தொடர்ந்து இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். அந்த நேரம் எங்கேயும் சும்மா கிடக்கவில்லை. ஒருவர் கொடுத்தால்தான் உண்டு.

கேட்பதற்கு அவருக்கு நாலு மாதம் எடுத்தது. பெற்றோல் வரிசை, நாலு மணி எழும்பல் எல்லாவற்றையும் விட இதுதான் கடினமாக இருந்தது என்று சொல்வார். கணவர் மறுப்பார் என்று பயமில்லை. "எனக்கு வேணும்" என்று சொல்லிப் பழக்கமில்லை. மகளுக்கு வேணும், மகனுக்கு வேணும், மாமிக்கு மருந்து வேணும். இந்தச் சொல்லைத் தனக்கென்று கடைசியாக எப்போது சொன்னார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

கடைசியில் 2025 ஜனவரியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "இஞ்சருங்கோ, ஞாயிறு விடிய ஏழு தொடக்கம் ஒன்பதரை மட்டும் எனக்கு வேணும், படம் கீற" என்றார். கணவர், "அதுக்கென்ன, கீறுமன்" என்றார். அவ்வளவுதான் பதில். ஆனால் முதல் ஞாயிறு பின் விறாந்தையில் இருந்தவருக்கு நாலு தரம் கேள்வி வந்தது. மிளகாய்த்தூள் எங்கே, தேங்காய் எத்தனை, மகளின் மேற்சட்டை எங்கே. மனம் கெட்டு அல்ல. வீட்டில் இருக்கிறவரிடம் கேட்பதுதான் வழக்கம்.

இரண்டாம் ஞாயிறு அவர் வீட்டை விட்டு வெளியே போனார். பண்ணைக் கடற்கரை, கோட்டைச் சுவர், பருத்தித்துறை வீதியில் உள்ள மந்திரி மனை, ப வடிவ யமுனா ஏரி. தூரமில்லை, ஆனால் மிளகாய்த்தூள் கேட்க முடியாத தூரம். நான் கொடுத்த வர்ணப் பெட்டி ஒன்றரை வருடம் கழித்து அன்றுதான் நனைந்தது. கணவர் இப்போது திருநெல்வேலிச் சந்தைக்குத் தானே போய்வருகிறார். மகளுக்குத் தோசை சுடத் தெரிந்திருக்கிறது. கூடுதலாகக் கொடுத்தவர் மாமிதான். தொடக்கத்தில், "பிள்ளையளை விட்டிட்டுத் தனியப் போறது ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்" என்றவர். ஒரு நாள் படலைப் படங்களைத் தற்செயலாகக் கண்டார். தன் பிறந்த வீட்டுச் சங்கடப்படலையில் மண்பானையில் தண்ணீர் வைத்திருந்ததையும், வருடத்துக்கு ஒரு முறை ஊரே கூடி வேலி அடைத்ததையும், கதிகால் கிளுவையா பூவரசா என்று தகப்பனும் பெரியப்பாவும் சண்டை பிடித்ததையும் இரவு முழுக்கச் சொன்னார். அந்தப் படலையைக் கீறித் தரச் சொன்னார். அது இப்போது இல்லை. மாமி சொல்லச் சொல்ல மச்சாள் கீறினார். "திண்ணை இன்னும் கொஞ்சம் பதிவு, பிள்ளை" என்று மாமி திருத்தினார். அதன் பிறகு ஞாயிறு காலையில் யாராவது தேடி வந்தால், "அவ படம் கீறப் போட்டா" என்று மாமியே சொல்லி அனுப்பிவிடுவார்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்று எனக்குத் தெரியும். ரியூசன் வாசலில் வயலின் வாசிக்க முடியாது. வேலை நேரம் கிழமைக்குக் கிழமை மாறும் தாதிக்கு நிலையான 4.45 கிடையாது. மாமியும் ஓட்டோவும் இல்லாத வீட்டில் இந்தக் கணக்கே வேறு. ஆனாலும் யாராவது என்னிடம் நேரமில்லை என்று இப்போது சொன்னால் இரவைப் பற்றி நான் பேசுவதில்லை. கிழமையில் எங்கே காத்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கிறேன்.

இப்போது

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை நடந்தது. நல்லூர்த் திருவிழாக் காலம். மகனை மண்டபத்துக்குள் விட்டுவிட்டு மச்சாள் வெளியே ஒரு மரத்தடியில் நின்றார். கொப்பியை எடுக்கவில்லை. அன்று முடியவில்லை, அது சரி. முடிவு என்ன வந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

புலமைப்பரிசில் வகுப்பு முடிந்ததோடு காத்திருப்பும் முடிந்தது. மகன் இனிச் சைக்கிளில் தானே வகுப்புக்குப் போவான். 2022ல் வரிசை முடிந்தபோது நடந்தது மறுபடியும் நடக்கும் என்று நான் பயந்தேன். செப்டெம்பரில் ஒரு செவ்வாய் அந்த ஒழுங்கையால் போனேன். 4.50 இருக்கும். ஸ்கூட்டி அதே இடத்தில் நின்றது. அவர் இருக்கையில் கொப்பியை வைத்துக் கீறிக்கொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு போக அங்கே ஒரு பிள்ளையும் இல்லை. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர் என்று கேட்டேன். "வகுப்பு எண்டு" என்றார். சமையலறைக் கலண்டரில் தம்பியின் வகுப்பு எழுதியிருந்த இடத்தில் மகள் ‘அம்மா’ என்று மாற்றி எழுதியிருக்கிறாளாம்.

நாலாவது படலை நடக்கிறது. இந்த முறை வர்ணத்துக்கென்று பெரிய தாளில் அளவெடுக்கிறார். எதிர்வீட்டு ஐயா கதிரை ஒன்று கொண்டுவந்து போட்டிருக்கிறார். நேற்றுப் பின்னேரம் மழை பிடித்ததால் கடை விறாந்தைக்கு ஒதுங்கியதாகச் செய்தி அனுப்பியிருந்தார். ஓரத்தில் எழுதிய குறிப்பையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார்: "வலப்பக்கக் கூரை, ஈர ஓடு, நிறம் கடுமை."